கண்ணில் பட்டதும் கைக்குப் போகும் சேதி

இத்தாலியின் பார்மா பல்கலைக்கழக ஆய்வகம், 1990-கள். மக்காக் இனக் குரங்கு ஒன்று நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பொருள் தெரிகிறது. தட்டு, வளையம், கனசதுரம், உருளை, கூம்பு, கோளம் ஆகிய ஆறு திடவடிவங்களில் ஏதோ ஒன்று. குரங்கின் முன்மடலில், ஆய்வாளர்கள் எஃப்5 என்று குறிக்கும் இடத்தில், மெல்லிய மின்முனை ஒன்று ஒற்றை நரம்பணுவின் துடிப்புகளைப் பதிவு செய்துகொண்டிருக்கிறது. சில சுற்றுகளில் குரங்கு அந்தப் பொருளைக் கையால் பிடிக்க வேண்டும். சில சுற்றுகளில் கை நீளும்போது வெளிச்சம் இருக்காது, இருட்டிலேயே பிடிக்க வேண்டும். இன்னும் சில சுற்றுகளில் பிடிக்கவே கூடாது. கையை அசைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

அகிரா முராட்டாவும் பார்மா குழுவினரும் 1997-இல் வெளியிட்ட முடிவுகளைப் படிப்படியாகத்தான் வாசிக்க வேண்டும். பதிவான நரம்பணுக்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு பொருளையோ ஒருசில பொருள்களையோ பிடிக்கும்போது மட்டும் மிகுதியாகத் துடித்தன. இதில் வியப்பு இல்லை. எஃப்5 என்பது முன்னியக்கப் புறணியின் ஒரு பகுதி. கையசைவுக்குத் திட்டம் போடும் இடம். இருட்டில் பிடித்தபோதும் அதே விருப்பம் மாறாமல் இருந்தது. ஆகவே, குரங்கு தன் கையையே பார்த்துக்கொண்டிருப்பதால் வந்த துடிப்பு இது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. மூன்றாவது முடிவுதான் இடித்தது. ஏறத்தாழ பாதி நரம்பணுக்கள், பிடிக்க வேண்டிய தேவையே இல்லாதபோதும், பொருளைக் கண்ட மாத்திரத்தில் துடித்தன. அது மட்டுமல்ல, வளையத்தைப் பிடிக்கும்போது துடிக்கும் நரம்பணு பெரும்பாலும் வளையத்தைப் பார்க்கும்போதுதான் துடித்தது. கோளத்தைக் கண்டு துடிக்கவில்லை. இயக்கத்துக்கு உரியது என்று பாடப்புத்தகங்கள் ஒதுக்கி வைத்திருந்த இடம் பார்த்துக்கொண்டும் இருந்தது. ஆனால் அது பார்த்ததெல்லாம் விரல்களை எப்படி வளைப்பது என்ற கணக்கில்தான். இவற்றுக்குக் ‘கெனானிகல் நியூரான்கள்’ என்று பெயர் வைத்தார்கள்.

இந்தப் பெயரைக் கேள்விப்படாத வாசகர்கள்கூட ‘கண்ணாடி நரம்பணுக்கள்’ பற்றி எங்காவது படித்திருப்பார்கள். அடுத்தவர் ஒரு பொருளை எடுப்பதைப் பார்க்கும்போது துடிக்கும் அந்த நரம்பணுக்களும் இதே எஃப்5-இல், இதே பார்மா ஆய்வகத்தில் கண்டறியப்பட்டவைதான். முதல் அறிக்கை 1992-இல் வந்தது. டி.என்.ஏ. உயிரியலுக்குச் செய்ததைக் கண்ணாடி நரம்பணுக்கள் உளவியலுக்குச் செய்யும் என்று, தமிழ்நாட்டில் பிறந்த வி.எஸ். ராமச்சந்திரன் 2000-இல் எழுதினார். பிறகு பரிவு, மொழி, நாகரிகம், ஆட்டிசம் என்று எல்லாவற்றுக்கும் அவையே விளக்கம் ஆயின. அவற்றின் மேல் ஏற்றப்பட்ட சுமை அவற்றால் தாங்கக்கூடியதல்ல என்பது என் கருத்து. அந்த ஆரவாரத்தில் கெனானிகல் நரம்பணுக்கள் ஓரமாகப் போய்விட்டன. இரண்டில் ஆதாரம் திடமாக இருப்பதும், வேலை இன்னதென்று தெளிவாகச் சொல்ல முடிவதும் இவற்றுக்குத்தான்.

அந்த வேலை எவ்வளவு கடினமானது என்பதை நாம் உணர்வதில்லை, ஏனென்றால் அது நமக்குத் தெரியாமலே நடக்கிறது. ஒரு பொருளை எடுக்கக் கை நீளும்போது விரல்கள் பொருளைத் தொட்ட பிறகு விரிவதில்லை. போகும் வழியிலேயே விரிந்துவிடுகின்றன. பிரெஞ்சு ஆய்வாளர் மார்க் ழான்னெரோ 1980-களில் இதைப் படமெடுத்து அளந்தார். பயணத்தின் பாதியைத் தாண்டியதும் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலான திறப்பு உச்சத்தை எட்டுகிறது. அது பொருளின் அளவைவிடச் சற்றுப் பெரிதாகவே இருக்கிறது. பிறகு பொருளுக்கேற்பச் சுருங்குகிறது. பெரிய பொருளுக்குப் பெரிய திறப்பு, சிறியதற்குச் சிறியது. ஆக, கை கிளம்பும்போதே கண் கண்ட வடிவம் விரல்களின் மொழிக்கு மாறியாக வேண்டும்.

அந்த மாற்றம் நடக்கும் பாதையின் முதல் நிலையம் எஃப்5 அல்ல. உச்சி மடலில் ஒரு பள்ளத்தின் முன்முனையில் இருக்கும் ஏஐபி என்ற பகுதி அதற்கு முன்பே வேலையைத் தொடங்கிவிடுகிறது. டோக்கியோவின் நிஹோன் பல்கலைக்கழகத்தில் ஹிடியோ சகாட்டாவின் குழு 1990-இலிருந்து இதை விவரித்தது. பார்வைக்கு மட்டும் துடிக்கும் அணுக்கள், கையசைவுக்கு மட்டும் துடிப்பவை, இரண்டுக்கும் துடிப்பவை என மூன்று வகையும் அங்கே கலந்து கிடந்தன. ஏஐபியிலிருந்து எஃப்5-க்கும், அங்கிருந்து முதன்மை இயக்கப் புறணிக்கும் இணைப்புகள் ஓடுகின்றன. 1994-இல் விட்டோரியோ கல்லீசேயும் மற்றவர்களும் ஏஐபிக்குள் மஸ்கிமால் என்ற மருந்தைச் செலுத்தி அந்த இடத்தைச் சிறிது நேரத்துக்கு முடக்கினார்கள். குரங்குக்குக் கண் நன்றாகத் தெரிந்தது. கையும் பொருளை நோக்கிச் சரியாகப் போனது. விரல்கள் மட்டும் பொருளின் வடிவத்துக்கு ஏற்பத் தயாராகவில்லை. போய் முட்டிய பிறகு, தடவிப் பார்த்துத்தான் பிடியைத் திருத்திக்கொண்டது.

மனிதர்களிடம் இதைத் தலைகீழாகக் காட்டிய ஒரு நோயாளி உண்டு. ஆய்வுலகம் அவரை டி.எஃப். என்ற எழுத்துகளால் மட்டும் அறியும். கார்பன் மோனாக்சைடு நச்சால் வடிவங்களை அடையாளம் காணும் திறனை இழந்தவர். சாய்வை மாற்றக்கூடிய ஒரு பிளவைக் காட்டி, அது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கேட்டால் அவரால் சொல்ல முடியவில்லை. அட்டை ஒன்றைக் கொடுத்து அந்தப் பிளவுக்குள் போடச் சொன்னால், மணிக்கட்டைச் சரியான சாய்வுக்குத் திருப்பிப் போட்டுவிட்டார். மெல்வின் குடேலும் டேவிட் மில்னரும் 1991-இல் இதை எழுதியபோது, ‘என்ன என்று அறியும் பார்வை’ வேறு, ‘கைக்கு வழிகாட்டும் பார்வை’ வேறு என்ற கருத்து நிலைபெறத் தொடங்கியது. இரண்டும் முழுக்கத் தனித்தனிப் பாதைகளா என்ற சண்டை இன்றும் தொடர்கிறது. நம் கதைக்கு அந்தத் தீர்ப்பு தேவையில்லை.

வடிவம் மட்டுமே பிடியைத் தீர்மானித்துவிடுமா என்பது அதைவிடச் சுவையான கேள்வி. டிகிரி காப்பி நிரம்பிய எவர்சில்வர் டம்ளரைப் பாருங்கள். சூடாக இருந்தால் விளிம்பின் உதட்டைக் கட்டைவிரலும் ஓரிரு விரல்களும் நுனியால் கவ்வும். ஆறிய பிறகு அதே டம்ளரை உள்ளங்கையோடு சேர்த்து வளைத்துப் பிடிப்போம். உருவம் மாறவில்லை, பிடி மாறிவிட்டது. நுனிப்பிடி, முழுப்பிடி என்ற இந்த இரண்டு வகைகளையும் ஜான் நேப்பியர் 1956-லேயே பிரித்துக் காட்டிவிட்டார். ஹான்ஸ் ஷெர்பெர்கரின் குழு 2009-இல் குரங்குகளுக்கு முன்னால் ஒரே ஒரு கைப்பிடியை வைத்து, முழுப்பிடியா நுனிப்பிடியா என்பதை விளக்கொளியின் நிறத்தால் உணர்த்தியது. ஏஐபி நரம்பணுக்கள் கைப்பிடியின் சாய்வையும் குறித்தன, எந்தப் பிடி என்ற கட்டளையையும் குறித்தன. ஆகவே ‘பொருளைப் பார்த்ததும் பிடி தயார்’ என்ற வாக்கியத்தைக் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது. பொருள், சூழல், அதைக் கொண்டு என்ன செய்யப்போகிறோம் என்பது மூன்றும் சேர்ந்துதான் பிடியைத் தயார் செய்கின்றன. அதே குழு, ஜெர்மனியின் கோட்டிங்கனில், பல வடிவங்களைக் கொடுத்து 2016-இல் வெளியிட்ட ஆய்வு இந்தப் பாதையின் படிநிலையை இன்னும் துலக்கியது. ஏஐபி பொருளின் காட்சிப் பண்புகளோடு ஒட்டி நிற்கிறது. முதன்மை இயக்கப் புறணி கையின் அசைவோடு ஒட்டி நிற்கிறது. எஃப்5 இரண்டுக்கும் நடுவில் நின்று, நேரம் போகப்போகக் கையின் பக்கம் சாய்கிறது.

தத்துவ வண்ணம் பூசுகிறவர்கள் இங்கே ஜேம்ஸ் கிப்ஸனை அழைத்து வருவார்கள். அமெரிக்க உளவியலாளரான அவர் 1979-இல் எழுதிய நூலில், உலகம் நமக்கு முதலில் நிறமாகவும் நீள அகலமாகவும் தெரிவதில்லை, ‘இதில் உட்காரலாம், இதைப் பிடிக்கலாம், இதில் ஏறலாம்’ என்ற செயல்வாய்ப்புகளாகவே தெரிகிறது என்று வாதிட்டார். ‘அஃபோர்டன்ஸ்’ என்று அவற்றுக்குப் பெயரிட்டார். வேடிக்கை என்னவென்றால், மூளைக்குள் படிமங்கள் உருவாகின்றன என்ற பேச்சையே கிப்ஸன் ஏற்காதவர். எஃப்5-இல் வளையத்துக்கென்று ஒரு நரம்பணு இருக்கிறது என்று சொல்லியிருந்தால் அவர் மகிழ்ந்திருப்பாரா என்பது சந்தேகமே.

குரங்கிலிருந்து மனிதனுக்கு வருவோம். மனித மூளைக்குள் மின்முனை செருக மருத்துவக் காரணம் இல்லாமல் முடியாது. ஆகவே ஸ்கேன்தான் வழி. ஸ்காட் கிராஃப்டனும் பார்மா குழுவினரும் 1997-இல் பெட் ஸ்கேனுக்குள் படுத்திருந்தவர்களுக்குப் பழக்கமான கருவிகளைக் காட்டினார்கள். கை அசையவில்லை, ஆனாலும் இடது முன்னியக்கப் புறணி செயல்பட்டது. 2000-இல் லிண்டா சாவோவும் அலெக்ஸ் மார்ட்டினும் எஃப்எம்ஆர்ஐ கொண்டு இதைக் கூர்மைப்படுத்தினார்கள். கருவிகள், விலங்குகள், முகங்கள், வீடுகள் என நான்கு வகைப் படங்கள். இடது கீழ் முன்னியக்கப் பகுதியும் இடது உச்சி மடலின் பின்பகுதியும் கருவிகளுக்கு மட்டும் தனித்துக் கிளர்ந்தன. சுத்தியலைப் பார்த்தால் கிளரும் இடம் பூனையைப் பார்த்தால் கிளராது.

இதிலிருந்து சிலர் தாவிய தூரம் கொஞ்சநஞ்சமல்ல. சுத்தியல் என்றால் என்ன என்று புரிந்துகொள்வதே அதை ஓங்கும் அசைவை மூளைக்குள் நடித்துப் பார்ப்பதுதான் என்றார்கள். பிராட்ஃபோர்ட் மாஹனும் அல்ஃபோன்சோ கரமாஸ்ஸாவும் 2008-இல் இதற்கு முட்டுக்கட்டை போட்டார்கள். பக்கவாதத்தால் அசைவுத்திறன் சிதைந்து, சீப்பைக் கொடுத்தால் எப்படிப் பயன்படுத்துவது என்று தடுமாறும் நோயாளிகள் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் அதன் பெயரைச் சொல்கிறார்கள், எதற்கு என்றும் சொல்கிறார்கள். அசைவு போன பிறகும் அர்த்தம் நிற்கிறது. ஸ்கேனில் ஓர் இடம் கிளர்வது, அந்த இடம் இல்லாமல் காரியம் நடக்காது என்பதற்குச் சான்றாகாது. இந்த ஒரு விஷயத்தை மட்டும் மூளை பற்றிய பத்திரிகைச் செய்திகள் நினைவில் வைத்திருந்தால் நமக்குப் பாதி குழப்பம் குறையும்.

பொத்தான் அழுத்தும் பரிசோதனைகளின் கதை இன்னும் நெளிவானது. இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தில் மைக் டக்கரும் ராப் எல்லிஸும் 1998-இல் செய்தது மிக எளிமையானது. வாணலி, கெண்டி போன்ற வீட்டுப் பொருள்களின் படம் திரையில் வரும். பொருள் நேராக இருக்கிறதா கவிழ்ந்திருக்கிறதா என்று மட்டும் சொல்ல வேண்டும். ஒன்றுக்கு வலக்கைப் பொத்தான், மற்றதற்கு இடக்கைப் பொத்தான். கைப்பிடி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதற்கும் கேள்விக்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் கைப்பிடி வலப்பக்கம் இருந்தால் வலக்கை வேகமாகப் பதிலளித்தது. இடப்பக்கம் இருந்தால் இடக்கை. வித்தியாசம் ஒரு நொடியின் மிகச் சிறு பின்னம்தான். ஒரே கையின் இரண்டு விரல்களால் பதில் சொல்லச் செய்தபோது அந்த விளைவு மறைந்தது. ஆகவே இது வெறும் இடம்-வலம் குழப்பம் அல்ல, பிடிக்கப்போகும் கை தானாகவே தயாராகிறது என்று முடிவு கட்டினார்கள். அழகான முடிவு, பாடப்புத்தகங்களுக்குள்ளும் போய்விட்டது.

பிறகு ஒவ்வொரு செங்கல்லாக உருவினார்கள். 2002-இல் ஃபிலிப்ஸும் வார்டும் கைகளைக் குறுக்காக மாற்றி வைத்தும், கையை விட்டுவிட்டுக் காலால் மிதிக்கச் செய்தும் பார்த்தார்கள். அப்போதும் விளைவு வந்தது. வாணலியைக் காலால் பிடிப்பவர் யார்? அதே ஆண்டில் ஆண்டர்சன் முதலானோர், பிடிக்கவே முடியாத ஒழுங்கற்ற உருவங்களும் இதே விளைவைத் தரும் என்று காட்டினார்கள். உருவத்தின் ஒரு பக்கம் துருத்திக்கொண்டிருந்தால் கவனம் அந்தப் பக்கம் சாய்கிறது, அவ்வளவுதான். 2010-இல் சோவும் ப்ராக்டரும் ஒரே கையின் இரண்டு விரல்களிலும் விளைவைக் கண்டார்கள். டக்கர்-எல்லிஸ் வாதத்தின் முக்கியமான தூணே அதுதான். எனக்கு இந்த விவாதத்தில் சந்தேகவாதிகளின் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. குறைந்தபட்சம், பொத்தான் வேகத்தை வைத்து இயக்கப் புறணியைப் பற்றிப் பேசுவது ஆபத்தானது. கவனம் எங்கே போகிறது என்பதையும் கை எதற்குத் தயாராகிறது என்பதையும் பொத்தான் பிரித்துச் சொல்லாது.

டிஎம்எஸ் என்ற காந்தத் தூண்டல் முறை இந்த இடத்தில் கைகொடுக்கிறது. மண்டையோட்டுக்கு வெளியே சுருளை வைத்து இயக்கப் புறணியில் ஒரு தட்டு தட்டினால் கைத்தசை சிறிதாகத் துடிக்கும். அந்த நொடியில் புறணி எவ்வளவு தயாராக இருக்கிறதோ, துடிப்பு அவ்வளவு பெரிதாக இருக்கும். ஜோவன்னி புச்சீனோவின் குழு 2009-இல் கைப்பிடி உள்ள பொருள்களின் படங்களைக் காட்டி வலக்கைத் தசையை அளந்தது. கைப்பிடி வலப்பக்கம் இருந்தபோது துடிப்பு கூடியது. அதே கைப்பிடி உடைந்திருந்த படத்தில் கூடவில்லை. கவனம் உடைந்த கைப்பிடியின் பக்கமும் போகத்தானே செய்யும்? கை மட்டும் போகவில்லை. 2011-இல் கார்டெல்லிக்கியோவும் உடனிருந்தவர்களும் பொருளை எட்டும் தூரத்திலும் எட்டாத தூரத்திலும் வைத்துக் காட்டினார்கள். எட்டும் தூரத்தில் இருந்த குவளைக்கு மட்டும் தசை விழித்துக்கொண்டது. குரங்கின் எஃப்5-லும் தூரத்துக்கு இப்படி ஒரு கணக்கு இருப்பதை லூக்கா போனினியின் பதிவுகள் காட்டின. எந்தக் குவளையைக் கண்டாலும் கை தயாராவதில்லை. எடுக்கக்கூடிய இடத்தில், எடுக்கக்கூடிய நிலையில் இருக்கும் குவளைக்கே தயாராகிறது.

இவ்வளவு தயாரிப்பும் நடக்கிறதென்றால், சாப்பாட்டு மேசையில் நாம் ஏன் கண்ணில் பட்டதையெல்லாம் தூக்கிக்கொண்டிருப்பதில்லை? மனிதர்களைப் பொறுத்தவரை இந்தத் துறையின் மிக வலுவான சான்று இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. அது கிடைத்ததும் ஆய்வகத்தில் அல்ல, மருத்துவமனையில். பார்மாவின் பதிவுகளுக்கு முன்பே.

பாரிஸின் சல்பெத்ரியேர் மருத்துவமனையில் பணியாற்றிய நரம்பியலாளர் ஃபிரான்சுவா லெர்மித் 1983-இல், முன்மடல் சேதமடைந்த சில நோயாளிகளை விவரித்தார். ஒன்றும் சொல்லாமல் அவர்கள் முன்னால் ஒரு குடுவையும் கோப்பையும் வைத்தால், ஊற்றிக் குடித்தார்கள். மூக்குக்கண்ணாடியைக் கொடுத்தால் போட்டுக்கொண்டார்கள். இரண்டாவது கண்ணாடியைக் கொடுத்தால் முதலாவதைக் கழற்றாமல் அதன் மேலேயே போட்டுக்கொண்டார்கள், மூன்றாவதையும். ஏன் என்று கேட்டால், நீங்கள் நீட்டினீர்கள், பயன்படுத்த வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்தேன் என்கிற மாதிரி பதில் வரும். 1986-இல் அவர் இத்தகைய நோயாளிகளைத் தன் வீட்டுக்கே அழைத்துப் போய்ப் பார்த்தார். படுக்கையறையில் விரிப்பு விலக்கிய கட்டிலைக் கண்ட ஒருவர் உடையைக் களைந்துவிட்டுப் படுத்துக்கொண்டார். உச்சி மடல் பொருள்களின் அழைப்பைத் தொடர்ந்து அனுப்பிக்கொண்டே இருக்கிறது, முன்மடல் அதை அடக்கி வைக்கிறது, அடக்குவது போனதும் அழைப்பு மட்டும் மிஞ்சுகிறது என்பது லெர்மித்தின் விளக்கம். ஏஐபி, எஃப்5 என்ற பெயர்கள் வருமுன்னே போட்ட கணக்கு அது.

இதிலும் ஓர் ஓட்டை இருந்தது. மருத்துவர் கையில் கொடுத்தால் நோயாளி அதை மரியாதைக்காகக்கூடப் பயன்படுத்தலாம் அல்லவா? டிம் ஷாலிஸும் உடன் ஆய்வாளர்களும் 1989-இல் அதை அடைத்தார்கள். நோயாளி ஒருவருக்கு வேறு சோதனை நடந்துகொண்டிருக்கும்போதே, மேசையில் சும்மா கிடந்த பொருள்களை யாரும் கொடுக்காமல், யாரும் சொல்லாமல் அவர் எடுத்துப் பயன்படுத்தத் தொடங்கியதைப் பதிவு செய்தார்கள்.

கை மட்டும் கட்டுப்பாட்டை மீறும் நோயாளிகளும் உண்டு. ஜேன் ரிடக்கும் க்ளின் ஹம்ஃப்ரீஸும் 1998-இல் அப்படி ஒருவருக்கு எளிய விதியைக் கொடுத்தார்கள்: கோப்பை இடப்பக்கம் இருந்தால் இடக்கையால் எடுங்கள், வலப்பக்கம் இருந்தால் வலக்கையால். இடப்பக்கக் கோப்பையின் கைப்பிடி வலப்பக்கம் திரும்பியிருந்தால், விதியை மீறி வலக்கை போனது. கோப்பையைக் கவிழ்த்து வைத்தபோது தவறு குறைந்தது. எடுக்காமல் சுட்டிக் காட்டச் சொன்னபோதும் குறைந்தது. டக்கர்-எல்லிஸ் விளைவை விமர்சித்தவர்களின் வாதம் இங்கே செல்லாது. கைப்பிடி துருத்திக்கொண்டிருப்பதால் கவனம் போகிறது என்றால் சுட்டும்போதும் அதே அளவு போக வேண்டுமே. இங்கே இழுப்பது பிடிப்பு. ஜெனிஃபர் மெக்ப்ரைடும் மசூத் ஹுசைனும் மற்றவர்களும் 2013-இல் வேறொரு நோயாளியிடம், கட்டுப்படாத அந்தக் கையில் பொருள்களின் ஈர்ப்பு மிகையாக இருப்பதையும், சாதாரணமாக எல்லோரிடமும் தானாகவே இயங்கும் தடுப்பு அதில் இல்லாமல் போயிருப்பதையும் அளந்து காட்டினார்கள்.

அந்தத் தடுப்பு நாம் மனதைக் கட்டுப்படுத்திச் செய்வதல்ல. நாம் அறியாத வேகத்தில் கிளம்பும் தூண்டலை நாம் அறியாத வேகத்திலேயே அணைப்பது அது. முன்மடலின் உட்புறத்தில், துணை இயக்கப் பகுதி என்ற இடத்துக்கு அதில் முக்கியப் பங்கு இருக்கிறது. அங்கே சேதமடைந்தவர்களிடம் அது இல்லாமல் போவதை 2007-இல் பெட்ரோக் சம்னர் முதலானோர் காட்டினார்கள். மான்ட்ரியாலில் பால் சிசெக் அதே ஆண்டு முன்வைத்த மாதிரியும் இதனோடு பொருந்துகிறது. மூளை முதலில் முடிவெடுத்துப் பிறகு கையைத் தயார் செய்வதில்லை என்கிறார் அவர். எட்டக்கூடிய செயல்கள் பலவும் ஒரே நேரத்தில் முன்னியக்கப் புறணியில் பாதி தயாராக நிற்கின்றன. ஒன்றையொன்று தள்ளிப் போட்டியிட்டு ஒன்று வெளியே வருகிறது. எந்த இலக்கு என்று இன்னும் சொல்லப்படாத குரங்கின் மூளையில் இரண்டு இலக்குகளுக்கான சமிக்ஞைகளும் சேர்ந்தே இருப்பதை அவரும் ஜான் கலஸ்காவும் 2005-இல் பதிவு செய்திருந்தார்கள்.

கோட்பாட்டுச் சண்டையாக மட்டும் இருந்திருந்தால் இதை இன்னும் சில பத்தாண்டுகள் நிதானமாகப் போட்டுக்கொண்டிருக்கலாம். ஆனால் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர்களின் மூளையில் மின்முனைகள் பொருத்தி, எந்திரக் கையை இயக்க முயலும் பொறியாளர்களுக்கு இது அன்றாடப் பிரச்சினை. கலிஃபோர்னியாவின் கால்டெக்கில் ரிச்சர்ட் ஆண்டர்சனின் குழு அந்த மின்முனைகளை உச்சி மடலில் பொருத்தியது. பார்வையும் கையும் சந்திக்கும் இடம் என்பதால், ‘என்ன செய்ய நினைக்கிறார்’ என்ற செய்தி அங்கே முழுமையாகக் கிடைக்கும் என்பது கணக்கு. 2015-இல் கிறிஸ்டியன் கிளேஸும் உடனிருந்தவர்களும் இப்படி மின்முனை பொருத்திய ஒருவரிடம் கல்-காகிதம்-கத்தரி விளையாட்டின் கைவடிவங்களை மனதுக்குள் காட்டச் சொன்னார்கள். அவர் நினைத்த வடிவத்தை நரம்பணுக்களின் துடிப்பிலிருந்து படிக்க முடிந்தது. ஆனால் திரையில் பார்த்த வடிவத்துக்கும் அதே பகுதியில் துடிப்பு எழும். கண் கண்டதையும் கை செய்ய நினைப்பதையும் பிரிக்க, அவர்கள் திரையில் ஒரு வடிவத்தைக் காட்டிக்கொண்டே காதில் ஒரு வடிவத்தின் பெயரைச் சொன்னார்கள்; எது பார்வையால் வந்த துடிப்பு, எது கற்பனை செய்த அசைவின் துடிப்பு என்று அப்படித்தான் பிரித்தெடுத்தார்கள். எந்திரக் கைக்கு அனுப்ப வேண்டியது இரண்டாவதை மட்டும். முதலாவதையும் சேர்த்து அனுப்பினால், எதிரே இருக்கும் குவளையை அவர் பார்த்தாலே போதும், வேண்டுமோ வேண்டாமோ எந்திரக் கை மூடத் தொடங்கிவிடும்.